முக்கால் மீட்டர் உயரம்

அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்புக் குண்டு முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். அதே குண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன சத்தம் வரும் என்பதும் தெரியும். முதலாவது ‘ணங்’. இரண்டாவது, வாய்க்குள்ளேயே முடிந்துபோகிற ஒரு ‘டப்’. இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில்தான் என் அம்மா கட்டாத வீடு நிற்கிறது. அதற்கு வாசல் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். கிழக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் தில்லியில் நான் பார்த்த வேலை, மண்ணில் துளை போடுவது. கட்டடம் எழுப்பப் போகிறவர்கள் எங்கள் கம்பெனியைக் கூப்பிடுவார்கள். மூன்று இரும்புக் கால்களைக் கூட்டி நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, ஆகர் என்கிற பெரிய திருகால் மண்ணைக் குடைந்துகொண்டே போவோம். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, துளைக்குள் ஒரு கனத்த குழாயை இறக்கி, அதன் தலையில் அந்தக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போடுவோம். ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு அந்தக் குழாய் இறங்க எத்தனை அடி வாங்குகிறது? அதைத்தான் எண்ணுவோம். நிறைய வாங்கினால் திடமான மண். இரண்டு மூன்றிலேயே இறங்கிவிட்டால் பாரம் தாங்காத மண். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். ரோட்டோரத் தர்பூசணியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி பூமியைத் தட்டிப் பார்ப்பது.

இதில் இரண்டு விதிகள் உண்டு. குண்டு ஒவ்வொரு முறையும் முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்னொன்று, குழாய் இறங்குகிற முதல் பதினைந்து சென்டிமீட்டர் கணக்கில் சேராது. துளையின் அடியில் கலைந்து கிடக்கிற மண் அது. அதை நம்பக் கூடாது. மனிதர்கள் பேசும்போதும் நான் அப்படித்தான் கேட்கப் பழகிவிட்டேன். முதல் பதினைந்து சென்டிமீட்டரை விட்டுவிடுவேன்.

கயிறு இழுக்கிறவர்கள் நாலு பேர். எண்ணுகிறவர் மேஸ்திரி. எல்லோரும் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் தகரக் குடிசைகளின் ஆட்கள். மேஸ்திரி கள்ளக்குறிச்சிப் பக்கம். ‘ஒண்ணு’ என்று அவர் எண்ணி நான் கேட்டதே இல்லை. களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலைச் சொல்கிற மாதிரி ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. சாணக்யபுரியில் தூதரகக் கட்டடம் என்றாலும் அப்படித்தான், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று வகுப்பறை என்றாலும் அப்படித்தான். தலைநகரத்தின் எத்தனையோ சுவர்களுக்கு அடியில் முதல் அடி லாபம் என்று விழுந்திருக்கிறது. உள்ளே குடியிருப்பவர்களுக்கு அது தெரியாது.

சுவர் என்று சொன்னேன். அங்கேதான் அம்மா வருகிறாள்.

நாங்கள் கிட்வாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் ஆனவர். ரூல் என்றால் அவருக்கு ரூல்தான். எதிர்வீட்டுக்காரர் பால்கனியை அடைத்து ஒரு அறையே எழுப்பிவிட்டார். மேல்வீட்டில் பத்திருபது ஆணிகள் அடித்து ஸ்வெட்டர் தொங்கவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் முப்பது வருடமாக ஒரு ஆணி இல்லை. காலண்டர் டிரங்குப் பெட்டி மேல் சாய்ந்து நின்றது. அப்பா அம்மா கல்யாணப் படம் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கியது. கோடையில் லூ என்கிற அனல்காற்று அடித்தால் இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொள்வார்கள்.

மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு வரும்.

“ஒரே ஒரு ஆணி. அடுப்பங்கரையில. செக்‌ஷன் ஆபீசரய்யா சாங்ஷன் குடுப்பாவளா?”

“கவர்மென்ட் சொவரு. வாங்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுக்கணும்.”

“என்னைய எங்கப்பாட்ட இருந்து கூட்டிட்டு வந்தியள. அப்படியே திருப்பிக் குடுத்துருவியளோ?”

அப்பா பேப்பரை ஒரு பக்கம் திருப்புவார். அன்றைய பேச்சு அதோடு முடியும்.

ஆணி அம்மாவிடம் இருந்தது. கம்பளி பின்னுகிற ஊசிகள் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவில், துணி சுற்றி. யூசுப் சராய் இரும்புக்கடையில் எப்போதோ வாங்கியது. விரல் நீளம், கனத்த தலை. எதற்கு என்று கேட்டால், “நம்ம சொவருக்கு” என்பாள்.

அவளுக்குத் தில்லி பிடித்துப்போயிருந்தது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். திருநெல்வேலியில் அவள் இரண்டாவது மருமகள். பெரியவள் சொன்ன பிறகு உட்கார வேண்டியவள். இங்கே ஜனவரி வெயிலில் புல்தரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பஞ்சாபிப் பெண்களோடு பட்டாணி உரித்துக்கொண்டு, யாருடைய மருமகளாகவும் இல்லாமல் இருந்தாள். “பையா, கல் வாலா மட்டர் சப் கீடா!”, அதாவது நேற்றைய பட்டாணியெல்லாம் புழு என்று தள்ளுவண்டிக்காரனோடு சண்டை போட்டுவிட்டு, அவனிடமே ஒரு கொத்து கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வருவாள். பனிக்காலத்தில் வாயிலிருந்து புகை வருகிறதா என்று பால் பூத்துக்குப் போகிற வழியெல்லாம் ஊதிப் பார்ப்பாள். ஐம்பது வயதில்.

அப்பா ஓய்வு பெறுகிற வருடம் வந்தது. சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரில் பெரியப்பா வீட்டு மாடியில் ஒரு அறை தயாராக இருந்தது. அப்பாவுக்கு அது போதும். அம்மாவிடம் இருந்தது யமுனைக்கு அக்கரையில் நூறு கஜம் மனை. அவளுடைய பிடிவாதத்தால் எப்போதோ வாங்கிப் போட்டது. இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். பிறகு அப்பா ஒரு ரூல் போட்டார்.

“மண்ணு நல்லாருந்தா கட்டுவோம். இல்லன்னா ஊருக்குப் போவோம். ஒம்மவன் மண்ணு பாக்கவன்தான. அவன் சொல்லட்டும்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவ்வளவு நம்பிக்கையோடு என்னை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பிறகும் இல்லை.

நூறு கஜ வீட்டுக்கு யாரும் மண் பரிசோதனை செய்வதில்லை. ஆனாலும் மேஸ்திரியிடம் சொன்னபோது, “சொந்த வூட்டுக்குக் குழி போடலன்னா நீ என்னா சார் இஞ்சினீரு” என்று சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்கள். கம்பெனியில் கேட்டு அந்த இரும்பு முக்காலியை டெம்போவில் ஏற்றினோம்.

பிப்ரவரி. பனி விலகி, வெயில் இன்னும் கடிக்க ஆரம்பிக்காத அந்தப் பதினைந்து நாட்கள். தில்லியில் வருடத்துக்கு ஒருமுறை கடவுள் தன் தப்புகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிற நாட்கள் அவை. அம்மாவை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து நிஜாமுதீன் பாலத்தைக் கடந்தேன். மடியில் புளியோதரைத் தூக்கு. “மெதுவாப் போல, மெதுவாப் போல” என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாலத்தின் நடுவில் மட்டும் பேச்சை நிறுத்தி ஆற்றைப் பார்த்தாள். அவளுடைய தாமிரபரணிக்கு முன்னால் அது ஒரு ஆறே இல்லை. “இதுவும் ஓடத்தான செய்யுது” என்றாள்.

மனையைச் சுற்றிப் பாதி கட்டிய வீடுகள், செங்கல் அடுக்குகள், ஒரு கைப்பம்பு. அப்பா பஸ்ஸில் வந்து, மடக்கு நாற்காலியைப் பிரித்து, குடையை விரித்து, பேப்பரோடு உட்கார்ந்துவிட்டார். நடுநிலை வகிக்கிறாராம்.

அம்மா நேரே மேஸ்திரியிடம் போனாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆணியை எடுத்து நீட்டினாள்.

“மேஸ்திரி, வீடு முடிஞ்ச உடனே மொத ஆணி நீங்கதான் அடிக்கணும். அடுப்பங்கரைச் சொவத்துல.”

“எதுக்கும்மா?”

“சும்மா. தேயிலை வடிகட்டி மாட்டுதேன், வேற எதையாவது மாட்டுதேன். எனக்கு ஒண்ணு அடிக்கணும், அவ்ளவுதான். முப்பது வருசமா இந்த மனுசன் அடிக்க விடல.”

மேஸ்திரி குடைக்குக் கீழே இருந்த அப்பாவைப் பார்த்தார். பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“எங்க வூட்டுல ஆணி அடிச்சா பக்கத்து வூட்டுக்காரன் தலையில போயி நிக்கும்மா. எல்லாம் தகரம்” என்றார் மேஸ்திரி. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் ஆணியை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

ஒன்றரை மீட்டரில் முதல் சோதனை. மேலே கொட்டிய இடிபாடு, செங்கல் துண்டு, சுண்ணாம்பு. லாபம் என்று தொடங்கிப் பதினாலில் நின்றது. நேர்மையான பதினாலு. ‘லாபம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா கையில் இருந்த கரண்டியோடு எழுந்தேவிட்டாள். “ஏல! எங்கப்பா களத்துல இப்படித்தாம்ல சொல்லுவாவ!” தில்லியில் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் யார் லாபம் சொல்கிறார்கள்? “நெறய வந்தா நல்லதா?” என்று கேட்டாள். நல்லது என்றேன். மேஸ்திரியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மீட்டர். ஆகர் கொண்டுவந்த மண் கறுப்பாக இருந்தது. வாடை வந்தது. இந்தப் பக்கத்தில் செங்கல் சூளைகளுக்கு மண் எடுத்த குழிகள் உண்டு. எடுத்த இடத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டி மூடி, மேலே இடிபாட்டைப் பரப்பி, மனை போட்டு விற்பார்கள். இங்கிருந்து போன மண் எங்கேயோ வீடாக நிற்கும். இங்கே அதன் வெற்றிடம் நிற்கும். இதையெல்லாம் நான் அறிந்தவன். அறிந்தவனாகவே பேனாவைத் திறந்து, கணக்கு எழுதும் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

குழாய் இறங்கியது. மேஸ்திரி கயிற்றுக்காரர்களைப் பார்த்து ஒரு கண்ணசைவு. கை லேசாகக் கீழே அழுத்திக் காட்டியது. குண்டு ஒரு சாண் உயர்ந்தது.

டப்.

“லாபம்.”

டப்.

“ரெண்டு.”

குண்டு ஓடும் கம்பியில் முக்கால் மீட்டரைக் காட்டச் சிவப்புப் பெயின்ட் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு எங்கேயோ கீழேயே குண்டு எழுந்து எழுந்து விழுந்தது. நான் நிமிரவில்லை. தாளையே பார்த்தேன். கண்ணைத் தாழ்த்தலாம், காதைத் தாழ்த்த முடியாதே. டப், டப், டப். பதினொன்றில் நிறுத்தினார். “பதினொண்ணு சார்” என்றார், வழக்கத்தைவிடச் சத்தமாக, குடை வரைக்கும் கேட்கும்படி. நான் என் கையால், என் எழுத்தால், பதினொன்று என்று எழுதினேன்.

நாலரை மீட்டருக்குக் குடைந்தபோது ஆகரின் பல்லில் ஒரு பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரி அதைக் காலால் சேற்றுக் குவியலுக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். ஒன்பது என்று எண்ணினார். ஒன்பது என்று எழுதினேன். ஆறு மீட்டரில் அசல் மண் வந்துவிட்டது. அங்கே பொய்க்கு வேலை இல்லை. சிவப்புக் கோடு வரை ஏறி, ணங் என்று விழுந்து, பதினேழு.

“எப்படில?” என்றாள் அம்மா.

“பரவாயில்லம்மா.”

பரவாயில்லை. எவ்வளவு வசதியான சொல். அவள் உடனே மனையில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கன வாசல், இங்கன ஹால், இங்கன அடுப்பங்கரை, ஜன்னல் கெழக்க பாத்து. காற்றில் ஒரு இடத்தை விரலால் தொட்டாள். “இங்கன ஆணி.” தொட்ட இடத்தை மேஸ்திரி பார்த்து வைத்துக்கொண்டார், நிஜமாகவே. அப்பா பேப்பரை மடித்து, இல்லாத ஹாலின் குறுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தார்.

இன்றைக்கும் நான் திரும்பிப் போக விரும்புகிற ஒரே இடம் அதுதான். அந்த அரைமணி நேரம். புளியோதரை, வறுத்த அப்பளம், கூடவே கடித்துக்கொள்ள முள்ளங்கி, பிப்ரவரி வெயில், அம்மா பரிமாறிக்கொண்டே “வீடு கட்டினா நீங்கல்லாம் வந்து இங்கனதான் சாப்பிடணும்” என்று சொன்னது. வீடு முழுசாக அங்கே இருந்தது. கூரை கூட இருந்தது. நான் அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு தூக்கை அலசி, தண்ணீரை ஊற்ற அம்மா சேற்றுக் குவியல் பக்கம் போனாள். தண்ணீர் பட்ட இடத்தில் மண் கரைந்து பிளாஸ்டிக்கின் ஒரு முனை தெரிந்தது. இழுத்தாள். பம்படியில் அலசினாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பால் பாக்கெட்.

“ஏல, இங்க வா.”

போனேன்.

“இது பழைய பாக்கெட்டுல்லா. பச்சைக் கோடு பாரு. நீ எட்டாங்கிளாஸ் படிக்கும்போது பூத்துல இதுதான் குடுப்பான். நீ ஒம்பதாங்கிளாஸ் போன வருசம் நீலமா மாத்திட்டான். இது எப்படி இதுக்குள்ளருந்து வந்துச்சு?”

பல வருடம் காலை ஐந்தரைக்குப் பால் வாங்கிய பெண். மண்ணின் வயதைச் சொல்ல எந்த லேப்பும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

“காத்துல பறந்து வந்து வுழுந்திருக்கும்மா” என்றார் மேஸ்திரி.

பாக்கெட்டுக்குள் கறுப்புச் சேறு அடைத்திருந்தது. அம்மா அதை அவரிடம் காட்டவில்லை, அப்பாவிடமும் காட்டவில்லை. என்னிடம் நீட்டினாள்.

“எவ்ளவு ஆழத்துல இருந்துச்சு?”

பொய் சொல்ல இடம் இருந்தது. மேஸ்திரி போட்டுக்கொடுத்த பாதை அகலமாகவே கிடந்தது. ஆனால் அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்க்கிறாள்.

“நாலு நாலரை மீட்டர்” என்றேன்.

“அப்ப நீ எழுதினது?” குடைக்குக் கீழிருந்து அப்பாவின் குரல்.

“ரெண்டு கணக்குத் தப்பு. குண்டு முழுசா ஏறல.”

கயிற்றுக்காரர்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பீடி தேடினார்கள். மேஸ்திரி என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“என்னா சார் நீ. அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? நம்ம வாயால ஒரு வார்த்த நல்லதா சொன்னா என்னா கொறஞ்சு பூடும்?”

“வீடு சாஞ்சுடும் மேஸ்திரி.”

“சாஞ்சா நிமித்திக்கலாம். எங்க வூடு வருசத்துக்கு ரெண்டு தபா சாயுது. நாலு பேரு புடிச்சா நின்னுக்கிது. நாங்க நாலு பேரு இல்ல?”

அவர் விளையாடவில்லை. இருபது வருடமாக இந்த நகரத்தின் கட்டடங்களுக்கு அடியில் குண்டு போட்டவர். அவருக்குத் தெரிந்த வீடு, சாய்ந்தால் நாலு பேர் பிடித்து நிமிர்த்துகிற வீடு. அவருடைய பொய்யில் கபடம் இல்லை. அதில் ஒரு தகர வீட்டின் அனுபவம் இருந்தது. செங்கல் வீட்டை நாலு பேர் நிமிர்த்த முடியாது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே அது ஒரு குறையாகத்தான் பட்டது.

அம்மா பாக்கெட்டை மடித்துத் தூக்குக்குள் வைத்தாள்.

“இன்னொரு குழி போடுங்க மேஸ்திரி. சரியா அடிச்சா எத்தன வரும்னு நான் கேக்கணும்.”

“வேண்டாம்மா.”

“போடுங்க.”

நாலு கஜம் தள்ளி முக்காலியை நிறுத்தினார்கள். அம்மா இந்த முறை தள்ளி உட்காரவில்லை; சிவப்புக் கோட்டுக்கு எதிரிலேயே நின்றாள். மூன்று மீட்டருக்குப் போகச் சாயங்கால வெயில் மஞ்சளாகிவிட்டது. குழாயை இறக்கினார்கள். கணக்கில் சேராத அந்த முதல் பதினைந்து சென்டிமீட்டரை, குண்டைத் தூக்கவே வேண்டாம், தன் கனத்திலேயே குழாய் கடந்துவிட்டது. பிறகு கயிறு இழுபட்டது. குண்டு ஏறியது. சிவப்புக் கோடு வரை ஏறியது. ஒரு கணம் நின்றது.

ணங்.

“லாபம்” என்றார் மேஸ்திரி.

ணங்.

“ரெண்டு.”

அவ்வளவுதான். முழு நீளமும் இறங்கிவிட்டது. மேஸ்திரியின் வாய் மூன்றுக்காகத் திறந்தபடி இருந்தது. எண்ணுவதற்கு எதுவும் இல்லை. நாலரை மீட்டரிலும் அதே இரண்டு. நான் எழுதினேன். அந்தத் தாளில் என் கையெழுத்து மிகவும் அழகாக இருந்தது.

பைல் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குக் கான்கிரீட் தூண்களை இறக்கி, அதன் மேல் வீடு. அப்பா தலையை ஆட்டினார். “அது ஆசுபத்திரிக்குப் போடுதது.” அதில் வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. நாற்காலியை மடக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அதோடு போராடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மேஸ்திரி சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி ஆணியை எடுத்தார். அதில் சேறே பட்டிருக்கவில்லை. இருந்தாலும் வேட்டியில் துடைத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார். அம்மா வாங்கிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாள். ஸ்கூட்டரில் பாலம் கடக்கும்போது அந்த ஆணி டப்பாவுக்குள் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. ஊசிகளோடு மோதி. வீடு வரைக்கும்.

மே மாதம் சாமான்களை லாரியில் ஏற்றினோம். மறுநாள் ரயில். காலி வீடு எங்கள் குரலை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. காலையில் பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவர் படிவத்தோடு வருவார். குழாய், ஃபேன், தாழ்ப்பாள் எல்லாம் எண்ணி வாங்கிக்கொள்வார். அப்பா முதல் நாளே தரையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்.

அன்று பின்னேரம் அடுப்பங்கரையிலிருந்து ஒரு சத்தம். போய்ப் பார்த்தேன். இஞ்சி தட்டுகிற இரும்புக் குழவி அம்மாவின் கையில். மற்றக் கையில் ஆணி. ஜன்னலுக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், அரசாங்கச் சுவர். அவள் “லாபம்” என்று சொல்லி அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. மேல் பூச்சு கணக்கில் சேராது. அது போன பிறகு நான் எண்ணினேன், பழக்கதோஷம். ஏழு அடி வாங்கியது. நல்ல சுவர்.

அப்பா என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவள் ஆணியில் எதையும் மாட்டவில்லை. மாட்ட எதுவும் மிச்சமில்லை, எல்லாம் லாரியில் போய்விட்டது. ஒரு விரலால் அதை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. குழவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

காலையில் வந்தவர் கறாரான ஆள். ஒவ்வொரு சுவராகத் தடவினார். அடுப்பங்கரையில் நின்றார்.

“யே கீல் கிஸ்னே மாரா?” இந்த ஆணியை அடித்தது யார்?

அப்பா முப்பத்து நாலு வருடச் சர்வீஸில் ஒரு நாள் லீவைக்கூடப் பொய் சொல்லி எடுக்காதவர். தொண்டையைச் செருமினார்.

“பெஹலே சே தா, சாப். ஹம் ஆயா தப் சே.”

முன்பே இருந்தது. நாங்கள் வந்த நாளிலிருந்து. அந்த ஆள் தோளைக் குலுக்கிவிட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள். சிரித்தாளா, அழுதாளா, எனக்கு முதுகுதான் தெரிந்தது.

நான் தில்லியிலேயே இருந்துவிட்டேன், ஒரு வாடகை அறையில். வேறு வேறு மனைகள், வேறு வேறு துளைகள். அம்மா பெரியப்பா வீட்டு மாடியிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவாள். அங்கே அவள் எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்; ஒன்றுகூட அடிக்கவில்லை என்று அப்பா சொன்னார். அவள் கேட்பதெல்லாம் வேறு. பனி இறங்கியாச்சா? மட்டர் வந்தாச்சா? அந்தப் பக்கம் போனியா?

முதல் இரண்டு மூன்று வருடம் போனேன். ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்தினால், தரைத்தளம் என்பதால் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகத் தெரியும். ஒரு தடவை அதில் தேயிலை வடிகட்டி தொங்கியது. இன்னொரு தடவை ஒரு பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில். ஒவ்வொன்றையும் சொல்வேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். வடிகட்டி. தண்ணிப் பாட்டில்.

பிறகு ஒரு வருடம் அந்த வரிசையே இடிபட்டது. பெரிய கட்டடங்கள் வரப்போவதாகச் சொன்னார்கள். தகரத் தடுப்புக்கு மேலே மூன்று இரும்புக் கால்கள் கூடி நிற்பதைப் பார்த்தேன்; வேறு கம்பெனி, வேறு ஆட்கள். இந்தியில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடியும் முக்கால் மீட்டரிலிருந்துதான் விழுந்தது. கேட்டுக்கொண்டே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“அந்தப் பக்கம் போனியால?”

“போனேம்மா.”

“இருக்கா?”

“இருக்கும்மா.”

“என்ன மாட்டிருக்காவ?”

கொஞ்சம் யோசித்தேன்.

“காலண்டர்.”